கைப்பேசிப் படங்களை இணையதளத்துக்கு ஏற்பச் சுருக்குவது எப்படி: மும்பையின் சிறு வணிகர்களுக்கு ஒரு வழிகாட்டி

மாதுங்காவில் பட்டுப்புடவை விற்பவரும், தாராவியின் 90 அடிச் சாலைப் பக்கம் தோல்பை தைத்து விற்பவரும், செம்பூரில் வீட்டிலிருந்தபடியே முறுக்கும் தட்டையும் செய்து அனுப்புபவரும் இன்று தத்தம் சரக்குக்கென ஒரு சிறிய இணையதளம் வைத்துக்கொள்ள முடிகிறது. அதற்கான படங்களுக்குத் தனியாக ஒளிப்படக்காரர் தேவையில்லை, கைப்பேசியே போதும். ஆனால் கைப்பேசி எடுக்கும் படம் இணையப் பக்கத்துக்காக எடுக்கப்படுவதில்லை. பெரிதாக்கிப் பார்க்கவும், அச்சிடவும், பின்னாளில் வெட்டித் திருத்தவும் இடம் வைத்தே அது எடுக்கப்படுகிறது. 12 மெகாபிக்சல் கேமரா தரும் படம் பொதுவாக 4032 × 3024 படப்புள்ளிகள் கொண்டது. ஜேபெக் (JPEG) என்னும் கோப்பு வடிவில் அதன் எடை பெரும்பாலும் 3 முதல் 5 எம்பி வரை இருக்கும். அத்தகைய படங்கள் பத்து உள்ள ஒரு பக்கத்தை, குர்லாவுக்கும் சயனுக்கும் இடையே நெரிசலான லோக்கலில் நின்றபடி ஒருவர் திறந்தால், பக்கம் முழுதாக வந்து சேருமுன் அவர் வேறு கடைக்குப் போய்விடுவார். ஒரு பக்கத்தின் முதன்மையான பகுதி 2.5 வினாடிக்குள் திரையில் தோன்ற வேண்டும் என்பது கூகுள் நிறுவனம் நல்ல வேகத்துக்கு வைத்திருக்கும் அளவுகோல். கடைப் பக்கங்களில் அந்த முதன்மையான பகுதி பெரும்பாலும் ஒரு படமாகவே இருக்கிறது.

அளவை முதலில் முடிவு செய்யுங்கள்

படத்தைச் சுருக்க வேண்டும் என்றதும் எந்த வடிவத்துக்கு மாற்றுவது என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. என் கருத்தில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. படம் திரையில் எவ்வளவு அகலத்தில் தெரியப்போகிறது என்பதை முதலில் தீர்மானித்துவிட்டால், எடையின் பெரும்பகுதி வடிவத்தைத் தொடாமலேயே குறைந்துவிடும். 4032 × 3024 என்பது ஏறத்தாழ 1 கோடியே 22 லட்சம் புள்ளிகள். அதே படத்தை 1600 × 1200 ஆக்கினால் 19,20,000 புள்ளிகள்தாம் மிஞ்சும்; அதாவது ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் திரை 1080 புள்ளி அகலமே உடையது என்பதால், இவ்வாறு குறைத்ததை வாடிக்கையாளர் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

எனவே பொருளின் தனிப்பக்கத்தில் வரும் பெரிய படத்துக்கு நீண்ட பக்கம் 1600 புள்ளிகள் போதும். பட்டியல் பக்கத்தில் வரிசையாக நிற்கும் சிறு படங்களுக்கு 600 முதல் 800 வரை வைக்கலாம். முகப்பில் திரையின் முழு அகலத்துக்கும் விரியும் படத்துக்கு 1920 தாராளம். பட்டுப்புடவையின் நெசவையோ தோல்பையின் தையலையோ வாடிக்கையாளர் பெரிதாக்கிப் பார்க்க விரும்புவார் என்று தோன்றினால், அந்தப் பொருளுக்கு மட்டும் 2400 புள்ளி அகலத்தில் தனியாக ஒரு படம் வைத்து, தொட்டால் திறக்கும்படி செய்யுங்கள். எல்லாப் படங்களையும் அந்த அளவில் ஏற்றுவது வீண்.

அளவைக் குறைப்பதற்கு முன்பு, தேவையற்ற ஓரங்களை வெட்டிவிடுங்கள். பொருளின் பின்னால் தெரியும் அலமாரியும் மின்கம்பியும் கண்ணை உறுத்துவதோடு எடையையும் கூட்டுகின்றன. சுருக்கும் நிரல்கள் மாற்றமில்லாத பரப்பை எளிதில் மடக்கிவிடும். நுணுக்கங்கள் நிறைந்த பரப்பில் அவற்றுக்கு வேலை அதிகம். மங்கலான வெளிச்சத்தில் எடுத்த படத்தில் மணல் தூவியதுபோல் தெரியும் இரைச்சலும் நிரலின் பார்வையில் ஒரு நுணுக்கமே. ஆகவே பகல் வெளிச்சம் விழும் சன்னலோரத்தில், ஒரே நிறத் துணியை விரித்து எடுத்த படம், இரவில் குழல்விளக்கின் கீழ் எடுத்த அதே பொருளின் படத்தைவிடக் குறைந்த எடையில் அமையும்.

கைப்பேசியிலிருந்து கணினிக்கு

இந்தக் கட்டத்தில்தான் பல படங்கள் கெடுகின்றன. வாட்ஸாப்பில் படமாகவே அனுப்பினால், அந்தச் செயலி அதை ஒருமுறை குறுக்கி, மறுபடி சுருக்கிவிட்டுத்தான் அனுப்பும். அப்படி வந்ததை மீண்டும் நாம் சுருக்குவது இரண்டாம் டிகாக்‌ஷனில் காப்பி கலப்பதற்கு ஒப்பானது. ஜேபெக் போன்ற இழப்புள்ள வடிவங்களில் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் சிறிது தகவல் உதிர்கிறது; உதிர்ந்தது திரும்பாது. வாட்ஸாப்பைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால் படத்தை ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் இணைத்து அனுப்புங்கள். அப்போது மூலக்கோப்பு அப்படியே வந்து சேரும். கம்பி வழியாகவோ கூகுள் டிரைவ் வழியாகவோ மாற்றுவது இன்னும் நல்லது.

ஐஃபோன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல், அதை ஏற்கும் ஐஃபோன்கள் இயல்பாகவே படங்களை ஹெச்இஐசி என்ற வடிவில் சேமிக்கின்றன. சேமிப்பிடத்தை மிச்சப்படுத்துவதில் அது ஜேபெக்கைவிட மிகச் சிறந்தது. ஆனால் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அதைக் காட்டுவதில்லை. சஃபாரி உலாவி மட்டும் 2023-இல் வந்த 17-ஆம் பதிப்பு முதல் காட்டுகிறது. தன் ஐஃபோனில் நன்றாகத் தெரிகிற படம் வாடிக்கையாளரின் ஆண்ட்ராய்டில் வெற்றுப் பெட்டியாக நிற்பதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். செட்டிங்ஸில் கேமரா, அதனுள் ஃபார்மட்ஸ் என்று சென்று ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்பதைத் தேர்ந்தால், அதன்பின் எடுப்பவை ஜேபெக் ஆகிவிடும். ஆயினும் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. மூலப்படம் ஹெச்இஐசியாகவே இருக்கட்டும், இணையதளத்துக்குப் போகும் பிரதியை மட்டும் மாற்றினால் போதும். ஐஓஎஸ் 16 முதல், ஃபைல்ஸ் செயலியில் படத்தை அழுத்திப் பிடித்தால் வரும் ‘குவிக் ஆக்‌ஷன்ஸ்’ பட்டியலில் படத்தை மாற்றும் வசதி இருக்கிறது. மேக் கணினியில் ஃபைண்டரில் வலச்சொடுக்கு செய்தாலும் அதே வசதி கிடைக்கும். விண்டோஸ் கணினியானால், ஐஃபோனின் ஃபோட்டோஸ் அமைப்புகளில் கணினிக்கு மாற்றும் முறையை ‘ஆட்டோமேட்டிக்’ என்று வைத்துவிட்டுக் கம்பியில் இணைத்தால், படங்கள் ஜேபெக்காக இறங்கும். கோப்புப் பெயரின் வாலில் உள்ள ஹெச்இஐசி என்பதை அழித்து ஜேபிஜி என்று எழுதுவதால் மட்டும் உள்ளிருப்பது மாறிவிடாது.

எந்தப் பொருளுக்கு எந்த வடிவம்

இணையத்தில் இன்று பேசத்தக்க வடிவங்கள் நான்கு. 1992-இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக்கைத் திறக்காத கருவியே இல்லை. பிஎன்ஜி இழப்பின்றிச் சேமிக்கும். ஆனால் ஒளிப்படங்களுக்கு அது மிகக் கனமானது. கூகுள் 2010-இல் அறிமுகப்படுத்திய வெப்பி (WebP), ஜேபெக்கைவிட ஏறத்தாழ 25 முதல் 34 விழுக்காடு வரை சிறிய கோப்பைத் தருவதாக அந்நிறுவனமே சொல்கிறது. ஆப்பிளின் சஃபாரி 2020-இல் அதை ஏற்றுக்கொண்டபின் அதைப் பயன்படுத்தத் தயங்க வேண்டிய காரணம் மறைந்துவிட்டது. 2019-இல் வெளிவந்த ஏவிஃப் (AVIF) இன்னும் சிறிதாகச் சுருக்கும். குரோம் 2020-இலும், ஃபயர்ஃபாக்ஸ் 2021-இலும், சஃபாரி 2022-இலும், எட்ஜ் 2024-இலும் அதை ஏற்றன. பழைய ஐஃபோன் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களை இழக்க விரும்பாத சிறு கடைக்கு, ஒரே வடிவம்தான் என்றால் வெப்பியே சரியான தேர்வு.

இந்தப் பொதுவிதி எல்லாச் சரக்குக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. நம் கண் வெளிச்ச வேறுபாட்டை நுட்பமாக உணரும் அளவுக்கு நிற வேறுபாட்டை உணர்வதில்லை. இந்தப் பலவீனத்தைப் பயன்படுத்திக்கொண்டு, பிஎன்ஜி நீங்கலாக இந்த வடிவங்கள் வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாகவும், நிறத்தை நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒன்றாகவும் பதிவு செய்வதுண்டு. தோல்பையிலோ முறுக்கிலோ இதனால் எந்தக் குறையும் தெரியாது. ஆனால் அரக்குச் சிவப்பு உடலில் மெல்லிய கரும்பச்சைக் கோடுகள் ஓடும் புடவையை எடுத்துப் பாருங்கள்: கோடுகளின் ஓரத்தில் நிறம் கசிந்து, நெசவின் கூர்மை மழுங்கியிருக்கும். சேமிக்கும்போது தேர்வு செய்யும் தரத்தின் எண்ணை எவ்வளவு கூட்டினாலும் இது முழுதாகச் சரியாகாது, ஏனெனில் குறை சுருக்கத்தின் கடுமையில் இல்லை, நிறத்தைப் பதிவு செய்யும் முறையில் இருக்கிறது. இழப்புள்ள வெப்பிக்கு இந்த ஒரு முறைதான் தெரியும். ஜேபெக்கிலும் ஏவிஃப்பிலும் நிறத்தையும் முழு அளவில் பதிவு செய்யலாம். சேமிக்கும் சாளரத்தின் நுண்ணமைப்புகளில் ‘சப்சாம்பிளிங்’ அல்லது அதை ஒத்த பெயரில் இருக்கும் தெரிவை 4:4:4 என்று மாற்ற வேண்டும். கோப்பின் எடை கொஞ்சம் ஏறும். புடவை வாங்குபவர் நிறத்தையும் நெசவையும் பார்த்துத்தான் பணம் அனுப்புகிறார் என்பதால், அந்தச் சில கேபிகளில் சிக்கனம் பார்ப்பது தகாது. வெப்பியை விட மனமில்லை என்றால், சில கருவிகளில் ‘ஷார்ப் ஒய்யுவி’ என்றொரு தெரிவு இருக்கிறது; அது கசிவை ஓரளவு குறைக்கும்.

எழுத்து உள்ள படங்கள் வேறு வகை. விலைப்பட்டியலையோ பண்டிகைக்காலச் சலுகை அறிவிப்பையோ படமாகப் போடுபவர்கள் அதை ஜேபெக்கில் கடுமையாகச் சுருக்கினால், எழுத்துகளைச் சுற்றிப் புகைபோன்ற கறை படரும். ஜேபெக் படத்தை 8 × 8 புள்ளிச் சதுரங்களாகப் பிரித்துச் சுருக்குவதால் கூர்மையான ஓரங்களில் இக்கறை தோன்றுகிறது. தமிழ் எழுத்துக்கு இது இரட்டைக் கேடு: மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி கறையில் கரைந்து, ‘க்’ என்பது ‘க’ என்றே படிக்கப்படும். இத்தகைய படங்களுக்குப் பிஎன்ஜி அல்லது இழப்பில்லாத வெப்பி ஏற்றது. விலைப்பட்டியலைப் படமாக்காமல் எழுத்தாகவே பக்கத்தில் தட்டச்சு செய்துவிடுவது இவை எல்லாவற்றையும்விட மேல். தேடலிலும் அது கிடைக்கும், விலை மாறும்போது திருத்துவதும் எளிது.

மாற்றும் வேலை

ஓரிரு படங்களுக்கு ஸ்குவூஷ் (Squoosh) என்னும் கருவியைப் பரிந்துரைக்கிறேன். கூகுளின் குரோம் அணியினர் உருவாக்கிய இது உலாவிக்குள்ளேயே இயங்குகிறது; படம் உங்கள் கணினியை விட்டு எந்தச் சேவையகத்துக்கும் போவதில்லை. ‘இலவசமாக மாற்றித் தருகிறோம்’ என்று விளம்பரங்களுக்கு நடுவே நிற்கும் பல தளங்கள் படத்தைத் தங்கள் கணினிக்கு வாங்கிக்கொண்டு மாற்றித் தருகின்றன. கடைச் சரக்கின் படத்துக்கு அது பெரிய ஆபத்தில்லை என்றாலும், வீட்டினரின் படத்தையோ அடையாள அட்டையின் படத்தையோ அங்கே கொடுக்காதீர்கள்.

ஸ்குவூஷில் படத்தைத் திறந்ததும் நடுவே ஒரு கோடு தோன்றும். அதன் ஒருபுறம் மூலப்படமும் மறுபுறம் சுருக்கிய படமும் தெரியும். முதலில் ‘ரீசைஸ்’ என்பதை இயக்கி, முன்பு தீர்மானித்த அகலத்தை இடுங்கள். அடுத்து வடிவத்தைத் தேர்ந்து, தரத்தின் எண்ணை மெல்லக் குறைத்துக்கொண்டே போங்கள். வெப்பிக்கும் ஜேபெக்குக்கும் 75 முதல் 82 வரையிலும், ஏவிஃப்புக்கு 50-ஐ ஒட்டியும் தொடங்கலாம். இந்த எண்கள் வடிவத்துக்கு வடிவம் பொருள் மாறுபவை; ஜேபெக்கின் 80-உம் ஏவிஃப்பின் 80-உம் ஒன்றல்ல. ஆகவே எண்ணை மனப்பாடம் செய்வதைவிடக் கண்ணால் பார்ப்பதே முறை. பார்க்கும்போது படத்தை 100 விழுக்காட்டில் வைத்து, கோட்டை இழுத்து, சரிகையின் ஓரம், தையல் துளை, பண்டத்தின் நிழல் விழும் பகுதி ஆகியவற்றைக் கவனியுங்கள். நிழல் பகுதியில் படிப்படியாக மாற வேண்டிய நிறம் பட்டை பட்டையாகப் பிரிந்தால், இரண்டு மூன்று எண்கள் மேலே ஏறுங்கள். 300 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிக் குறை தேடுவது தேவையற்ற கவலை, அப்படி யாரும் பார்க்கப்போவதில்லை. 1600 புள்ளி அகலமுள்ள பொருள்படம் பெரும்பாலும் 150 முதல் 300 கேபிக்குள் அடங்கும். சிறுபடம் 60 கேபியைத் தாண்டத் தேவையில்லை.

புதிதாக ஐம்பது அறுபது புடவைகள் வந்து இறங்கினால் ஒவ்வொன்றாகச் செய்வது கட்டாது. மொத்தமாக மாற்ற இர்ஃபான்வியூ, எக்ஸ்என்கன்வர்ட் போன்ற செயலிகள் உள்ளன. தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம் என்றாலும், கடைக்காகப் பயன்படுத்துவோர் அவற்றின் உரிம விதிகளைப் படித்துக்கொள்ள வேண்டும். வணிகத்துக்கும் கட்டுப்பாடின்றிப் பயன்படுத்தக்கூடியவை கிம்ப், இமேஜ்மேஜிக் போன்ற கட்டற்ற மென்பொருள்கள். இமேஜ்மேஜிக்கைக் கட்டளை எழுதி இயக்க வேண்டும். அதிலுள்ள மோக்ரிஃபை என்ற கட்டளை, வேறு கோப்புறையையோ வேறு வடிவத்தையோ குறிப்பிடாவிட்டால், மூலக்கோப்பின் மேலேயே எழுதிவிடும். எனவே மூலப்படங்களை ஒரு கோப்புறையிலும், அவற்றின் பிரதிகளை மற்றொன்றிலும் வைத்து, இரண்டாவதில் மட்டும் வேலை செய்யுங்கள்.

இடமும் நிறமும்

கைப்பேசி எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும், கண்ணுக்குத் தெரியாமல், எடுத்த நாளும் நேரமும் கருவியின் பெயரும் பதிவாகின்றன. கேமராவுக்கு இட அனுமதி கொடுத்திருந்தால் எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையும் பதிவாகும். கடையில் எடுத்த படத்தில் அது இருந்தால் பாதகமில்லை. வீட்டுச் சமையலறையிலிருந்து பண்டம் விற்கும் பெண்மணிக்கோ, அது தம் வீட்டு விலாசத்தை ஊருக்கு அறிவிப்பதாகும். ஸ்குவூஷ் வழியாகப் போகும் படத்தில் இத்தகவல்கள் தாமாகவே நீங்கிவிடும். மற்ற செயலிகளில், சேமிக்கும்போது மீத்தரவை, அதாவது படத்துக்குள் பதிவான இத்தகவல்களை, நீக்கும் தெரிவைத் தேட வேண்டும். மீத்தரவை மட்டும் தனியாக நீக்கினால் ஒரு பக்கவிளைவு நேரலாம்: படத்தை நிமிர்த்திக் காட்டச் சொல்லும் குறிப்பும் அதில்தான் இருக்கிறது என்பதால், அது போனபின் படம் பக்கவாட்டில் படுத்துக்கொள்ளும். முதலில் படத்தைச் சரியான நிலைக்குத் திருப்பிச் சேமித்துவிட்டு, பிறகு நீக்குங்கள்.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். அண்மைக்கால ஐஃபோன்கள் டிஸ்பிளே பி3 என்னும் விரிந்த வண்ண வரம்பில் படம் எடுக்கின்றன. அதைக் குறிக்கும் தகவல் நீங்கிவிட்டு, நிறங்கள் இணையத்தில் வழக்கமான எஸ்ஆர்ஜிபி வரம்புக்கு மாற்றப்படாமல் விடப்பட்டால், குங்குமச் சிவப்பு வெளிறித் தெரியும். ஏற்றுமதி செய்யும்போது எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றும் தெரிவு இருந்தால் அதைத் தவறாமல் இயக்குங்கள். ‘படத்தில் ஒரு நிறம், பார்சலில் ஒரு நிறம்’ என்று வரும் புகார்களில் ஒரு பகுதியாவது இதனால் குறையும்.

பக்கத்தில் ஏற்றும்போது

கோப்பின் பெயரை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், சொற்களுக்கிடையே இணைப்புக்குறியிட்டு எழுதுங்கள். தமிழில் பெயர் வைத்தாலும் வேலை செய்யும். ஆனால் அந்த முகவரியை வாட்ஸாப்பில் ஒட்டும்போது அது விழுக்காட்டுக் குறிகளும் எண்களும் கலந்த நீண்ட சரமாக மாறிவிடக்கூடும். தமிழைப் பயன்படுத்த வேண்டிய இடம் மாற்றுரை: பார்வைக் குறைபாடு உள்ளவரின் திரைவாசிப்பான் படிப்பதும், படம் இறங்காதபோது திரையில் தெரிவதும் அதுவே. ‘புடவை’ என்று ஒற்றைச் சொல்லாக இடாமல், ‘மயில் கரை போட்ட அரக்குச் சிவப்புக் காஞ்சிப் பட்டு’ என்று, கடையில் எதிரே நிற்பவரிடம் சொல்வதுபோல் எழுதுங்கள்.

வேர்ட்பிரஸில் தளம் நடத்துவோருக்குப் பாதி வேலை மிச்சம். 2021-இல் வந்த 5.8-ஆம் பதிப்பு முதல் வெப்பியையும், 2024-இல் வந்த 6.5 முதல் ஏவிஃப்பையும் அது ஏற்கிறது. ஏற்றிய படத்திலிருந்து பல அளவுகளைத் தானே உருவாக்கி, பார்ப்பவரின் திரைக்கு ஏற்றதை அனுப்ப வழி செய்கிறது. 2560 புள்ளிக்கு மேற்பட்ட படத்தை அந்த அளவுக்குக் குறைத்தும் வைக்கிறது. இருந்தும் மூலக்கோப்பைச் சேவையகத்தில் அப்படியே வைத்திருப்பதால், வாடகை இடம் வேகமாக நிரம்பும். எனவே சுருக்கியபின் ஏற்றுவதே சிக்கனம். தளத்தைக் கையால் எழுதுவோர் ஒவ்வொரு படக் குறியிலும் அகலத்தையும் உயரத்தையும் குறிப்பிட வேண்டும். இல்லையேல் படம் இறங்கும்போது பக்கம் குதித்து, ‘வாங்கு’ பொத்தானைத் தொடப்போன விரல் வேறெதையோ தொடும். திரைக்குக் கீழே இருக்கும் படங்களைச் சோம்பல் ஏற்றத்தில், அதாவது பார்ப்பவர் அவற்றை நெருங்கும்போது மட்டும் இறங்கும்படி, விடலாம். முதலில் தெரியும் படத்துக்கு அதைச் செய்யக்கூடாது.

வாட்ஸாப்பில் சுட்டியைப் பகிரும்போது தோன்றும் முன்னோட்டப் படத்துக்கு மட்டும் ஜேபெக்கே பாதுகாப்பானது. அதுபோலவே, தேர்வு விண்ணப்பங்களுக்கும் அரசுத் தளங்களுக்கும் படம் கேட்டால், அவர்கள் குறிப்பிட்ட வடிவத்திலும் கேபி வரம்புக்குள்ளும் கொடுங்கள். அங்கே வெப்பியைக் கொண்டுபோனால் பெரும்பாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஏற்றி முடித்தபின், வைஃபையை அணைத்துவிட்டுக் கைப்பேசித் தரவில், முடிந்தால் வீட்டிலுள்ள பழைய கைப்பேசியில், பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஏதேனும் ஒரு படம் திருப்தியளிக்காமல் மாற்ற நேர்ந்தால், சுருக்கிய பிரதியைத் திருத்தாமல் மூலப்படத்திலிருந்தே மறுபடி தொடங்குங்கள். புதிய கோப்புக்குப் புதிய பெயரும் வையுங்கள். பழைய பெயரிலேயே ஏற்றினால், முன்பு அந்தப் பக்கத்தைப் பார்த்தவர்களின் உலாவி தன்னிடம் சேமித்து வைத்திருக்கும் பழைய படத்தையே அவர்களுக்குத் தொடர்ந்து காட்டிக்கொண்டிருக்கலாம்.